தலைப்பில்லாத அறுபத்து நான்கு பக்கங்கள்

ஜூன் 9, 2025 – திங்கள்

ஜீப்பில் இன்றும் பின் சீட்டுதான். தார்ப்பாய்க் கிழிசல் வழியாக மழை என் இடது தோளையே குறிபார்த்து ஒழுகியது. பீர்மேட்டில் இறங்கும்போது பாதிப் புடவை ஈரம். மின்விசிறிக்குக் கீழே நின்று காயவைக்கலாம் என்றால் குளிரில் பல் அடித்துக்கொள்கிறது. நாற்பத்திரண்டு வயதில் இதெல்லாம் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

காலையிலேயே சர்வர் படுத்துவிட்டது. மூன்று மணிக்குத்தான் எழுந்தது. நாலரைக்குள் அறுபத்து நான்காவது பக்கத்தை ஏற்றியாக வேண்டும் என்று துரைசுவாமி சார் சொல்லிவிட்டார். அவர் எங்கள் செக்‌ஷன் சூப்ரண்டு. பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். இந்த மலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மப்ளரைக் கழற்றவில்லை. வீடு முதல் நெல் கொள்முதல் வரை மலையாளத்தில் உத்தரவு வரும். அதைத் தமிழில் பெயர்த்து, துறையின் இணையத்தளத்தில் தமிழ்ப் பக்கமாக ஏற்றுவது என் வேலை. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற கரார் வேலை. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இன்றைய பக்கம், மூடிப்போன எஸ்டேட்டுகளின் தொழிலாளர்களுக்காகக் கட்டியிருக்கும் அடுக்கு வீடுகளைப் பற்றியது. எங்கள் எஸ்டேட்டும் அதில் உண்டு. தலைப்பு, ஃபயலில் இருந்தபடியே: "மூடப்பட்ட தோட்டங்கள் – தொழிலாளர் குடியிருப்பு – புதிய அடுக்கு வீடுகள் – ஒதுக்கீடு – விண்ணப்பங்கள் கோருதல் – சம்பந்தமாக." கொஞ்சம் சுருக்கலாமா என்று கேட்டேன்.

"ஃபயல்ல எப்படி இருக்கோ அப்படியாக்கும் போடறது. ஃபயலுக்கு ஒரு பேரு, பக்கத்துக்கு ஒரு பேருன்னா, நாளைக்கு ஆடிட்காரா வந்து எதைன்னு தேடுவா?" என்றார்.

பெரிதாக்கி, தடித்த எழுத்தாக்கி, நீலம் பூசிப் போட்டேன். உள்ளே பதினேழு பத்தி. முக்கியம் என்று தோன்றியதையெல்லாம் தடித்த எழுத்தாக்கினேன். முடிவில் தடிக்காத வரியைத் தேட வேண்டியிருந்தது. நாலு இருபத்தைந்துக்கு ஏற்றிவிட்டேன். என்ன பெயர்த்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. கை பெயர்க்கும், மனது ஜீப் ஸ்டாண்டில் நிற்கும்.

நடுவில் மாரப்பன் ஃபோன். நல்லேப்பிள்ளியில் நெல் போடுகிறவர். பாலக்காட்டுத் தமிழர்களுக்கும் இதே பக்கங்கள்தான், எல்லாப் பக்கத்தின் அடியிலும் என் மேசை ஃபோன் எண்தான்.

"ஏனுங் அம்மிணி, நெல்லுப் பதியறதுக்குக் கடைசி நாளு எங்கீங்க போட்டிருக்குது? தள்ளித் தள்ளி வெரலே தேஞ்சு போச்சுங்க."

"பக்கத்திலேயே இருக்குங்க, நல்லாப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம் மனுஷர். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

ஜூன் 10 – செவ்வாய்

மழை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 12 – வியாழன்

அண்ணனிடம் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். சூசையப்பன் அண்ணன் எஸ்டேட் ஃபேக்டரியில் ரோலர் ஓட்டியவர். எஸ்டேட் மூடின மறு வருடம் சர்க்கரையில் இரண்டு கண்ணும் போயிற்று. நாங்கள் இருவரும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவர் செய்துகொள்ளவில்லை. எங்களைப் பற்றிப் பேசி ஊர் அலுத்துவிட்டது.

இன்னும் எஸ்டேட்டின் பழைய லயத்து வீட்டில்தான் இருக்கிறோம். அடுப்படிச் சுவரில் கை நுழைகிற அளவு விரிசல். போன மழையில் மேல் லயத்தில் ஒரு சுவர் விழுந்தது, ஆள் இல்லாத நேரமாகப் போயிற்று. ஆகவே வீடு வேண்டும். ஆனால் புதுக் கட்டடம் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளம் கிடைத்தால் அண்ணன் கோலைப் பிடித்துக்கொண்டு தானாகக் கடைக்குப் போவார், கோயிலுக்குப் போவார். மாடியில் கிடைத்தால் நான் வேலை முடிந்து வரும்வரை வீட்டுக்குள் கிடக்க வேண்டும். எல்லாம் குலுக்கல்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். அந்தோணியார் விட்ட வழி.

நிரந்தரத் தொழிலாளி அவர் என்பதால் விண்ணப்பமும் அவர் பெயரில்தான். பக்கத்தைப் படித்துச் சொல்லட்டுமா என்றேன்.

"நீ ஒண்ணும் படிக்க வேணாம். நானே கேட்டுக்கிடுறேன்" என்றார். போன வருடம் ஒரு முகாமில் பேசுகிற ஃபோனைப் பழக்கிக் கொடுத்தார்கள். திரையில் விரலை வைத்தால் அது வாசிக்கும். "ரெண்டு வருஷமா எல்லாத்துக்கும் உன் வாயப் பாத்துக்கிட்டே இருக்கேன் மேரி. பாக்கக்கூட இல்ல."

சிரித்துவிட்டேன். எனக்கும் ஒரு வேலை குறைந்தது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 15 – ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அண்ணன் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கப்பைக் கிழங்கை வேகவைத்து, மீன் கழுவி, குழம்பு கூட்டி முடிக்கும்வரை அசையவில்லை.

"பதினோரு நிமிஷமாப் பேசுது. பாதிக்கு மேல சம்பந்தமாக, சம்பந்தமாகன்னே போகுது. எந்த மகராசன் எழுதினான்?"

"நான்தான்."

"அப்பச் சரி" என்றார். பிறகு, "ஜூலை பதினஞ்சு கடைசி நாள். கேட்டுட்டேன்" என்று ஃபோனை மடியில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. யாரிடமும் கேட்காமல் அவர் தெரிந்துகொண்ட முதல் சர்க்கார் விஷயம்.

ஜூன் 26 – வியாழன்

முழங்கால் வலி. ஃபோன் பதினெட்டு முறை. பதினெட்டுக்கும் ஒரே பதில்: பக்கத்திலேயே இருக்கு, பாருங்க.

ஜூலை 2 – புதன்

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் நனைந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. அவருக்கு விளக்கு எதற்கு என்று நினைப்பு ஓடியது, ஆனால் எப்போதும் எனக்காகப் போட்டு வைப்பார்.

பக்கத்து வீட்டுச் சோலையைக் கூட்டிக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்கு விண்ணப்பம் கொடுக்கப் போயிருக்கிறார். வாங்கிக்கொண்ட ஆள் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்: கண் தெரியாதவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் கீழ்வீடு குலுக்கல் இல்லாமலே உண்டே, அதற்குத் தனிப் படிவம் போடவில்லையா? ஜூன் முப்பதோடு முடிந்துவிட்டதே.

இரண்டு நாள். இரண்டே நாள்.

"பக்கத்துல போட்டுருக்காமே மேரி" என்றார் அண்ணன். "நான்தான் சரியாக் கேக்கல. நடுவுல தூங்கிட்டேனோ என்னமோ."

சாப்பாடு எடுத்து வைத்தேன். படிக்காமலே போட்டேன்னு எப்படிச் சொல்றது. என் கையாலதான். பக்கத்துக் கட்டில்ல இருக்குற மனுஷனுக்கு வேண்டியத என் கையால தட்டிப்போட்டு, எனக்கே தெரியாம –

ஜூலை 3 – வியாழன்

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பதின்மூன்றாவது பத்தி, மூன்றாவது வாக்கியம். மேலே தடித்த எழுத்தில் "பிற விவரங்கள்". அதே தடிமனில்தான் கட்டடத்தின் சதுர அடி, அடிக்கல் நாட்டிய தேதி, தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு எல்லாம் இருக்கின்றன. கண் தெரிகிறவர் படித்தாலும் இதைத் தாண்டித்தான் போவார். நானே போயிருக்கிறேன்.



ஜூலை 4 – வெள்ளி

படிக்காமலேயே பெயர்த்துப் போட்டதை அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"இங்க வா, ஒண்ணு காட்டுறேன்" என்று ஃபோனை எடுத்தார். வேறொரு துறையின் பக்கத்தைத் திறந்தார். விரலால் ஒரு தள்ளு. "தலைப்பு, நிலை இரண்டு: யாருக்கு" என்றது ஃபோன். இன்னொரு தள்ளு. "தலைப்பு, நிலை இரண்டு: கடைசி நாள்." இடையில் இருந்த பத்திகளையெல்லாம் தாண்டி, தலைப்பிலிருந்து தலைப்புக்குக் குதித்துக்கொண்டே போனார். மூன்று தள்ளில் பக்கம் முழுவதும் அவர் கைக்குள் வந்துவிட்டது.

அப்புறம் என் பக்கம். ஒரு தள்ளு.

"தலைப்புகள் இல்லை" என்றது ஃபோன்.

இன்னொரு பக்கத்தைத் திறந்தார், அதுவும் நான் போட்டது. தலைப்புகள் இல்லை. ஐந்து பக்கம் பார்த்தோம். பொம்பளைக் குரல், ஒரு கோபமும் இல்லாத குரல். தலைப்புகள் இல்லை. தலைப்புகள் இல்லை.

"பெரிசாப் போட்டிருக்கேனே அண்ணே. நீலத்துல."

"அதுக்கு நீலம் தெரியாது மேரி. எனக்குந்தான்."

ஆணியிலிருந்து செபமாலையை எடுத்து என் கையில் வைத்தார். "கண்ண மூடிக்கிட்டு உருட்டிப் பாரு. பத்துச் சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி, தள்ளித் தனியா இருக்கும். அதத் தொட்டாத்தான் அடுத்த பத்து ஆரம்பிக்குதுன்னு விரலுக்குத் தெரியும். உன் பக்கத்துல எல்லாமே சின்ன மணி. நான் எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

செபம் சொல்லும்போது இன்று எனக்கு ஒரு மணியும் மனதில் நிற்கவில்லை.

ஜூலை 7 – திங்கள்

பக்கத்து மேசை சிஞ்சு மலையாளப் பக்கங்களைப் பார்க்கிறவள். இருபத்தாறு வயது. அவளிடம் கேட்டேன்.

"சேச்சி, அந்தச் சின்னப் பெட்டியத் தொறந்தே பாத்ததில்லையா?" என்று எட்டி, எழுதும் திரையின் மேல் மூலையைத் தொட்டாள். "பத்தி" என்று இரண்டு வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டி. அதைத் தொட்டால் தலைப்பு 1, தலைப்பு 2, தலைப்பு 3 என்று இறங்குகிறது. வரியைத் தேர்ந்தெடுத்து அதைத் தொட்டால் போதும். எழுத்தைப் பெரிதாக்க வேண்டாம், நீலம் வேண்டாம், எல்லாம் தானாக வரும். அந்த ஃபோனுக்கும் இது தலைப்பு என்று தெரியும்.

ஒரு தொடுதல். அவ்வளவுதான். இதைத்தான் நான் அறுபத்து நான்கு முறை செய்யாமல் விட்டிருக்கிறேன்.

"உன் பக்கத்துலயெல்லாம் போட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"சிலதுல" என்றாள். பிறகு அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 8 – செவ்வாய்

துரைசுவாமி சாரிடம் போனேன். தனிப் படிவத்துக்குத் தேதியை மறுபடி திறக்க வழி உண்டா?

"வழி இருக்கு. நம்ம பாகத்துலதான் தப்புன்னு எழுத்துல ரேகை வேணும். வெறுமனே ஒருத்தன் பாக்கலைன்னா தேதி திறக்க மாட்டா."

"தப்பு என்னுதுதான் சார். எழுதித் தாரேன்."

மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். "இந்தா பாரு புஷ்பமேரி. செப்டம்பர்ல உன் கரார் முடியறது. இதை எழுதிக் குடுத்தாக்க உன் கரார் ஃபயல்லயே இதையும் கோத்து வைப்பா. அப்பறம் நான் என்ன நோட்டு எழுதினாலும் நிக்காது. உன் அண்ணாவுக்கு மாடி கிடைச்சாலும் வீடு வீடுதானே?"

அண்ணன் என்று நான் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஆபீசில் சுவருக்கும் காது.

"யோசிச்சுக்கோ. நான் ஒண்ணும் கேக்கலை, நீ ஒண்ணும் சொல்லலை."

ஜூலை 9 – புதன்

என் மேசையில் ஒரு நோட்டு உண்டு. வருகிற ஃபோன்களைக் குறித்து வைக்க வேண்டும் என்பது விதி. பெயர், ஊர், கேட்டது என்ன. இரண்டு வருடமாகக் குறிக்கிறேன், ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன்.

ஜூன் பத்திலிருந்து முப்பது வரை வீட்டைப் பற்றி மட்டும் நாற்பத்தொரு ஃபோன். அதில் ஏலப்பாறைப் பக்கத்திலிருந்து சாந்தம்மாள் என்ற ஒருத்தி மூன்று முறை கேட்டிருக்கிறாள்: "மகனுக்கு நடக்க வராது, அவனுக்கு ஏதாவது தனியா எழுதணுமா?" மூன்று முறையும் எதிரே என் கையெழுத்தில்: பக்கத்தைப் பார்க்கச் சொல்லப்பட்டது.

அண்ணன் ஒருத்தர் மட்டும் இல்லை.

ஜூலை 11 – வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். விண்ணப்பத் தேதி இருந்த பகுதிக்குத் தலைப்பு இல்லை, தலைப்புப் போல் தெரிந்தவை வெறும் தடித்த எழுத்துகள், பார்வையற்றவர்களின் வாசிக்கும் கருவி அவற்றை அறியாது, இது என் தவறு. நோட்டில் அந்த ஃபோன்கள் இருந்த மூன்று பக்கத்தையும் நகலெடுத்துச் சேர்த்தேன்.

சார் இரண்டு முறை படித்தார். "பொருள் எழுதாம விட்டுட்டயே" என்றார். எழுதினேன்: இணையப் பக்கம் – தலைப்புகள் இல்லாமை – சம்பந்தமாக.

ஃபயலுக்குள் எடுத்து வைத்தார். டீ வாங்கித் தந்தார். இதுவரை தந்ததில்லை.

ஜூலை 20 – ஞாயிறு

அண்ணனுக்குச் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததை. பக்கங்களைத் திருத்துகிறேன் என்று மட்டும் சொன்னேன். இப்போது தினமும் சாயங்காலம் அவர்தான் எனக்குப் பரீட்சை அதிகாரி. பகலில் நான் திருத்துவதை இரவுச் சாப்பாட்டுக்குள் கேட்டுச் சொல்கிறார்.

நானாக ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஃபோனில் கேட்கிறவர்கள் கேட்கிற மாதிரியே தலைப்பு வைத்தேன்: "எப்படி விண்ணப்பிப்பது?", "எப்படிப் படிவம் பெறுவது?", "எப்படி முறையிடுவது?" அண்ணன் முகம் சுளித்தார்.

"எப்படி, எப்படி, எப்படின்னே வருது. நான் முதல் வார்த்தையக் கேட்டுட்டுத் தள்ளிருவேன் மேரி, முழுசாக் கேக்க மாட்டேன். விஷயத்த முன்னாடி வை. படிவம்னா படிவம்னு ஆரம்பி."

மாற்றினேன். "படிவம் கிடைக்கும் இடம்." "கடைசி நாள்." "கீழ்வீடு: தனிப் படிவம்."

அடுத்து இன்னொன்று. இரண்டாம் நிலைத் தலைப்பு பெரிதாக அசிங்கமாக இருக்கிறது என்று உள்தலைப்புகளுக்கு நான்காம் நிலை போட்டிருந்தேன். பார்க்க அழகு. அண்ணன் முன்னே போவதும் பின்னே வருவதுமாகத் தவித்தார். "ரெண்டு சொல்லுச்சு, அப்புறம் நாலு சொல்லுது. நடுவுல மூணு எங்க? எதையோ விட்டுட்டேன்னு திரும்பிப் போய்த் தேடுறேன்." அளவுக்காக நிலை இல்லை. இன்னதுக்குள் இன்னது என்று சொல்லத்தான் நிலை. இரண்டுக்குள் மூன்று, மூன்றுக்குள் நான்கு. படியைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது.

"பிற விவரங்கள்" என்று ஒரு பக்கத்தில் இன்னும் இருந்தது.

"அது என்னது?"

"மத்ததெல்லாம்."

"போட எடமில்லாதத அள்ளிப் போட்ட மூட்டை. என் தேதி அந்த மூட்டைக்குள்ளதான கெடந்துச்சு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 28 – திங்கள்

இருபத்தெட்டுப் பக்கம் ஆயிற்று. தலைப்புப் போட்டதும் பக்கத்தின் மேலேயே அவற்றின் பட்டியல் தானாக வந்து நிற்கிறது, தொட்டால் அங்கே கொண்டுபோகிறது. பக்கத்தின் பெயரில்தான் சாரோடு இழுபறி. "ஃபயல் பொருளை மாத்த நமக்கு அதிகாரம் இல்லை" என்பதிலேயே நிற்கிறார். கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். ஃபயல் பொருள் ஒரு எழுத்துகூட மாறாமல் இருக்கட்டும், ஆனால் பக்கத்தின் அடியில், "உத்தரவு விவரம்" என்ற தலைப்பின் கீழ். மேலே முதல் நிலையில் "எஸ்டேட் தொழிலாளர்களுக்குப் புது வீடு."

மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "ஆடிட்காராளுக்கு அடியில போகத் தெரியும்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8 – வெள்ளி

உத்தரவு வந்தது. தனிப் படிவத்துக்கு ஆகஸ்ட் 25 வரை மறுபடி தேதி. காரணம் இரண்டாம் பத்தியில்: "இணையப் பக்கத்தின் அமைப்பில் குறைபாடு இருந்ததைப் பொறுப்பு ஊழியரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதால்."

இதையும் நான்தான் தமிழில் பெயர்த்தேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் படித்து.

அதே வீட்டுப் பக்கத்தில் ஏற்றிவிட்டு, நோட்டைப் பிரித்துச் சாந்தம்மாளுக்கு நானே ஃபோன் செய்தேன். அவள் முதலில் நம்பவில்லை. ஆபீசிலிருந்து யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லையாம்.

ஆகஸ்ட் 11 – திங்கள்

அண்ணன் பக்கத்தை வைத்துத் தானே படிவம் எடுத்து, சோலையோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் லீவு போடுகிறேன் என்றதற்கு, "எதுக்கு? எனக்கு வழி தெரியும்" என்றார்.

வந்ததும் கேட்டார்: "பொறுப்பு ஊழியர்னு போட்டிருக்கே. அது யாரு?"

"யாரோ" என்றேன்.

"ம்" என்றார். பக்கத்தின் அடி வரைக்கும் போயிருக்கிறார். தலைப்பு நன்றாக இருந்தால் இதுதான் தொல்லை.

ஆகஸ்ட் 21 – வியாழன்

மாரப்பன் ஃபோன். எடுக்கும்போதே வாயில் பழைய பதில் தயாராக இருந்தது.

"அம்மிணி, மேல கடைசி நாளுன்னு போட்டிருந்ததத் தொட்டேனுங்க, அங்கயே கொண்டுபோய் உட்டுருச்சுங்க. அதச் சொல்றதுக்குத்தான் கூப்புட்டேன். இனி உங்களத் தொந்தரவு பண்ண மாட்டனுங்க."

"தொந்தரவு இல்லைங்க" என்றேன். இரண்டு வருடத்தில் அவரிடம் நான் மனதாரப் பேசியது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. இன்று மொத்தம் நான்கே ஃபோன்.

செப்டம்பர் 3 – புதன்

ஓணத்துக்கு ஆபீசில் பூக்களம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தபாலில் என் கடிதமும் வந்தது. செப்டம்பர் 30-க்குப் பிறகு கரார் புதுப்பிக்கப்பட மாட்டாது. காரணம் எழுதவில்லை. எழுதாவிட்டால் தெரியாதா.

தெரிந்துதான் செய்தேன். ஆனாலும் வலிக்கிறது. அறுபத்து நான்கில் ஐம்பத்தொன்பது முடித்திருக்கிறேன். இருக்கிற நாளில் மிச்ச ஐந்தையும் முடித்துவிட்டுப் போவேன். ரோஷத்துக்காவது.

செப்டம்பர் 30 – செவ்வாய்

கடைசி நாள். அறுபத்து நான்கும் முடிந்தது. சிஞ்சு அழுதாள். தன் பக்கங்களில் எல்லாம் போட்டுவிட்டாளாம், "சிலதுல" இல்லை.

சாரிடம் சாவி ஒப்படைக்கப் போனேன். குளிரைப் பற்றிப் பேசினார், கல்பாத்தியில் இந்நேரம் சட்டை போட முடியாது என்றார். கரார் பேச்சை எடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பும்போது கூப்பிட்டார்.

"நீ பண்ணினயே, அந்தத் தலைப்பு வேலை. அதை ஒரு வரியில முறையா எழுதணும்னா எப்படி எழுதறது?"

அடுத்து வருகிற ஆளுக்குச் சொல்லித்தர என்று நினைத்தேன். சொன்னேன். பழைய கவரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். "நிலைவாரியாக" என்பதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

வீட்டில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்" என்றார்.

அக்டோபர் 6 – திங்கள்

ஏலக்காய் எடுக்கப் போகிறேன், பக்கத்து எஸ்டேட்டில். குனிந்தே நிற்கிற வேலை. அட்டை, மழை, முதுகு. ஃபோன் மட்டும் அடிக்கவில்லை.

அக்டோபர் 10 – வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. சூசையப்பன், கீழ்த்தளம், மூன்றாம் எண். சாந்தம்மாளுக்கு ஐந்தாம் எண். நான் காட்டில் நின்றபோது அண்ணன்தான் ஃபோனில் சொன்னார், எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏலச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். கங்காணி தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாவி அடுத்த மாதம் தருவார்களாம். அதுவரை இந்தச் சுவர் நிற்க வேண்டும்.

அக்டோபர் 22 – புதன்

சாயங்காலம் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஏலக்காய்க் கறை சோப்புக்குப் போகாது. அண்ணன் கட்டிலில் ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மேரி, உங்க ஆபீஸ் பக்கத்தப் பாத்தியா?"

"எனக்கெதுக்கு அது."

"நீதான் எதையும் படிக்க மாட்டியே. தட்டுறதோட சரி" என்றார். "இங்கன வந்து உக்காரு, கேளு."

ஒரு தள்ளு. "தலைப்பு, நிலை ஒன்று: தமிழ்ப் பக்கங்களுக்கு ஊழியர் தேவை" என்றது ஃபோன். என் இடம்தான். போனது போனதுதான், இதை வேறு கேட்க வேண்டுமா என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். இன்னொரு தள்ளு. "தலைப்பு, நிலை இரண்டு: தகுதி." விரலைக் கீழே இறக்கினார்.

அந்தக் கோபமில்லாத குரல் வாசித்தது: "தமிழ் இணையப் பக்கங்களில் தலைப்புகளை நிலைவாரியாக அமைத்து, பார்வையற்றோரின் வாசிக்கும் கருவியில் சரிபார்த்த அனுபவம் கட்டாயம்."

துரைசுவாமி சார் அன்று கவரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்ட வரி. ஒரு சொல்கூட மாறவில்லை. அந்த மனிதருக்கு ஃபயலில் இருப்பதை மாற்றிப் பழக்கம் இல்லை.

"கேரளத்துல எத்தன பேருக்கு இந்த அனுபவம் இருக்கும்னு நெனைக்கிற?" என்றார் அண்ணன்.

அவர் அதற்குள் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

"கடைசி நாள்: இருபத்து நாலு, வெள்ளிக்கிழமை. நாளைக்கு முதல் ஜீப்புலயே போயிரு. ரெண்டு நாள் லேட்டாப் போறது நம்ம குடும்பத்துக்கு ஒரு தடவை போதும்."

பெட்டியை இறக்கிச் சான்றிதழ்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஓரம் நனைந்திருக்கிறது, எழுத்து தெரிகிறது. நகல் எடுக்க வேண்டும். கறை போகிறதா என்று புளி போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.